கண்ணுக்குள் இருபது நிமிடம்

அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.
நான் அதைச் சொல்வதில்லை,
வீட்டுக்குள் அழைத்த மாதிரி ஆகிவிடும்.

சனிக்கிழமையே காரியாக்கூ தீவின் படகுகளெல்லாம்
அலையாத்திக் காட்டுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டன.
டெல்வின் எங்கள் படகை ஏழு கயிற்றில் கட்டினான்,
ஏழு கயிறும் ஏழு வேரில்.
ஒரே வேரை நம்பக் கூடாது என்றான்.
பிறகு படுக்கையில் கிடக்கும் தாயைத் தூக்கிவர
கிரெனடாவுக்குக் கப்பலேறிப் போனான்.
அதுதான் கடைசிக் கப்பல் என்று
யாரும் அவனிடம் சொல்லவில்லை.

மிச்சம் நான், ஒன்பது வயது ஜெவான், ஒரு தகரக்கூரை.

தொட்டி நிரப்பினேன். வாளி நிரப்பினேன்.
குழம்புச் சட்டியையும் விடவில்லை.
வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட்,
டெல்வின் எழுதிய இரண்டே இரண்டு கடிதங்கள்
எல்லாவற்றையும் பையில் கட்டி
சலவை இயந்திரத்துக்குள் போட்டு மூடினேன்.
வீடு போனாலும் அந்தக் கனம் எழுந்து போகாது.
ஜன்னல் பலகைக்கு ஆணி வேண்டாம், திருகாணி.
ஆணியைக் காற்று பல்லால் கடித்துப் பிடுங்கிவிடும்.
திருகாணி தீர்ந்தபோது
ஒரு ஜன்னல் மீதி இருந்தது.

ஞாயிறு மாலை காஸ்னெல் வந்தான், எதிர்வீட்டுக்காரன்.
ஆறு வருஷமாகப் பேச்சில்லை,
அவன் ஆடுகள் என் துவரையை மேய்ந்த நாளிலிருந்து.
முகம் பார்க்கவில்லை. துளைக்கருவியைத் தூக்கிக் காட்டினான்.
ஜன்னலை அடைத்தான். போனான்.
நன்றி என் பல்லிடுக்கிலேயே மாட்டிக்கொண்டது.

காலை பத்து மணிக்கு வந்தது.
ஊளையிடும் என்பார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.
யாரோ கப்பல் எஞ்சினைக் கட்டிலுக்கடியில்
ஓடவிட்டுப் போன மாதிரி இருந்தது.
குளியலறையில், தலைக்கு மேல் மெத்தையைக் கவிழ்த்து,
காலில் ஷூ, கழுத்தில் விசில்,
கை எட்டும் தூரத்தில் கோடரி.
ஜெவான் எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.
என்னடா என்றேன்.
"தகரம்மா."
பதினொன்று போயிருந்தது.

பிறகு

நின்றது.

கதவுக்கடியில் வெயில். எங்கோ ஒரு கடற்பறவை
வழி தெரியாமல் கத்தியது.
"முடிஞ்சுதா?"
"முடியலை. இது அதோட கண்ணு.
இந்த அமைதியெல்லாம் வெறும் கண்துடைப்பு.
இருபது நிமிஷம். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்."
கண் கடக்கும்வரை கதவைத் திறக்காதே
என்று ரேடியோ சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கேட்டது:
தெருவில் ஒருவன் நாக்கைச் சொடுக்கி
ஆடுகளைக் கூப்பிடும் சத்தம்.

திறந்தேன்.
கிணற்று வாய் மாதிரி வட்டமாக நீல வானம்.
அவன் வீட்டுக்குத் தலை இல்லை.
அறுந்து கிடந்த மின்கம்பிக்கு நாலடி தள்ளி
ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு நின்றான்.
ஆறு வருஷத்தில் நான் அவனிடம் சொன்ன முதல் சொல்
"கழுதை!"
இரண்டாவது,
"கம்பியை மிதிக்காம உள்ளே வாடா!"

வந்தான். ஒரு ஆட்டோடு வந்தான்.

நாலு உயிர், ஒரு மெத்தை.
இரண்டாம் பாதியைச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை,
ஆடு காலண்டரைத் தின்றது என்பதைத் தவிர.
செப்டம்பர் முழுக்க.

மறுநாள் கம்பிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தோம்.
யாரிடமோ வாங்கிய ஜெனரேட்டரை
வீட்டுக்கு வெகுதூரத்தில் வைத்தே ஓட்டினோம்.
படுக்கையறையில் மேகம் தெரிந்தது.
கடிதங்கள் நனையவில்லை.
படகில் மூன்று கயிறு மீந்திருந்தது, போதுமாயிருந்தது.
டெல்வின் குரல் நான்காம் நாள் வந்தது,
அழுகையா அலைவரிசையா தெரியவில்லை.

நேற்று தகரம் பொறுக்கும்போது காஸ்னெல் கேட்டான்,
"அந்தத் துவரை மொத்தம் எத்தனை செடி?"
பதினாலு என்றேன்.
ஒன்பதுதான் என்றான்.

பேசிக்கொண்டிருக்கிறோம்.