ஏழு நொடி

கழுவ வேண்டுமென்றால் நிறுத்தக்கூடாது.
முழுச் சுமையில், மூச்சிரைக்க
ஓடும்போதுதான் ஊற்ற வேண்டும்.

யாஸ்னா ஒயார்சோ குவளையில் அளக்கிறாள்:
சமையலறைக் குழாய்நீர், அரை லிட்டர்.
சுற்றிலும் கடல்;
இதற்கு மட்டும் உப்பு ஆகாது.

டர்போவின் காற்றுச் சக்கரத்தில் படிவது
வெளியூர்த் தூசியல்ல.
என்ஜின் அறை வியர்த்த எண்ணெய் ஆவியை
என்ஜினே இழுத்துத்
தன் தொண்டையில் பூசிக்கொள்கிறது.
மூன்று நாளாய் அழுத்தமானியின் முள்
கெட்ட சேதியைச் சொல்லத் தயங்குவதுபோல்
நூலளவு நூலளவாய் இறங்குகிறது.

மூடியைத் திருகும்போது மணி அடித்தது.
மேல்தளத்திலிருந்து நிபால்டோ:
"வேகத்தைக் குறை. முன்னால் நீலத் திமிங்கலம்.
குட்டியோடு."

கோர்கோவாடோ வளைகுடாவில் எங்கள் கப்பல்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது.

மெல்லச் சுழலும் சக்கரத்தில் விட்ட நீர்
கழுவாது, வழியும்.
குவளையோடு நின்றாள்
நாற்பது நிமிடம்.
காதடைப்பானுக்குள் ஒன்றும் கேட்கவில்லை.
இரும்புத் தகட்டுக்கு அப்பால் யாரோ
மூச்சை வெளியே விட்டிருக்கலாம்.

பிறகு முழு வேகம்.
பித்தானை அழுத்தினாள், ஏழு நொடி.
துளிகள் கரைக்கவில்லை, அறைந்தன,
தகரக் கூரையில் ஆலங்கட்டிபோல்.
சத்தம் ஒருகணம் தடித்து மெலிந்தது.
புகையின் வெப்பம் பதினொரு பாகை குறைந்தது.

மேலே கூப்பிட்டுச் சொன்னாள்:
"உலர ஒரு மணி நேரம் வேண்டும்.
அதுவரை வேறு யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்."

பதிவேட்டில் நேரம், சுமை, நீரின் அளவு.
தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கட்டம்
கட்டைவிரல் அகலம்தான்.
'குட்டியோடு' என்று மட்டும்
எழுதினாள்.