கட்டுப்பாட்டு மாதிரி

மூடுபனியில் விமானம் எழவில்லை.
எட்டுப் பேர் மட்டும் அமரும் விமானம்.
அதில் ஒன்பதாவதாக ஏற வேண்டியது
பச்சை மூடியிட்ட நான்கு குழாய் இரத்தம்.
பனிக்கட்டியில் வைக்கக் கூடாது,
குலுக்கக் கூடாது,
உயிரோடு வந்து சேர வேண்டும்.

அபர்டீனில் மாலை முழுதும்
கழுவிய தட்டுகளையே திரும்பக் கழுவினேன்.
பதினான்கு மணி நேரம் பிந்தி வந்தது.
பெயரில்லை, எண் மட்டும். வ-17.
பெயரைத் தேட மாட்டேன் என்று
கையெழுத்திட்டிருக்கிறேன்.
ஆனால் வடக்கு ரொனால்ட்சேயில் இருப்பதே
அறுபது எழுபது பேர்.
அதில் பெண், வயது முப்பத்தொன்று,
இடது கை மரத்துப்போனவள்
எத்தனை பேர் இருக்க முடியும், வில்லா?

ஒப்பிட்டுப் பார்க்க
நோயில்லாத இரத்தம் ஒன்றும் வேண்டும்.
தருவதாகச் சொன்ன மாணவன் சளியென்று வரவில்லை.
என் சட்டைக்கையை நானே மடித்தேன்.
படிவத்தில் அதற்குப் பெயர் கட்டுப்பாட்டு மாதிரி.
கட்டுப்பாடாம், நானாம்.
சிரித்துக்கொண்டிருக்கையிலேயே
ஊசி இறங்கிவிட்டது.

லேசரின் முன்னே
அணுக்கள் ஒற்றை வரிசையில் போகும்.
ஒவ்வொன்றும் ஒரு கணம் மின்னி
திரையில் ஒரு புள்ளியாகும்.
நான் தேடுபவை வலது மேல் மூலையில்:
பாயப் போகிறவனின் தோளைத் தொட்டு
‘இது நம்முடையது, விடு’ என்பவை.
நூற்றுக்கு ஐந்து, ஆறு.
அந்த ஐந்தின் பேச்சு எடுபடாமல் போனால்
கிருமிக்கென்று வளர்த்த படை
நரம்பின் உறையை உரித்துத் தின்னும்.

அவளிடம் அவை குறைந்திருக்கும் என்று நினைத்தேன்.
நினைக்கவில்லை, ஆசைப்பட்டேன்.
குறை என்றால் நிரப்பலாம்.
எண்ணினேன்.
அவளுக்கு ஐந்து புள்ளி நான்கு.
எனக்கு ஐந்து புள்ளி மூன்று.

எங்கள் தீவில்
சுவர் ஆடுகளை உள்ளே அடைப்பதில்லை.
வெளியே நிறுத்துகிறது.
பதிமூன்று மைல், சாந்து பூசாத கல்,
தீவைச் சுற்றிக் கடலோரமாய்.
ஆடுகள் அலைக்கும் சுவருக்கும் நடுவே
கடற்பாசி தின்று வாழும்.
வேலியே பயிரை மேய்ந்ததென்று சொல்வது சுலபம்.
நான் பார்த்தவரை வேலி மேய்வதில்லை.
ஒரு கல்லும் குறையாமல் நின்றுகொண்டிருக்கும்,
விடிந்தால் பார்லிக்குள் ஆடு.
சுவர் தாழ்ந்ததா,
ஆடு தாவக் கற்றதா?

அதனால் மாற்றி வைத்தேன்.
அவளுடைய படையோடு அவளுடைய ஐந்து.
என் படையோடு என் ஐந்து.
அவளுடைய படையோடு என் ஐந்து.
படைக்குச் சாயம் ஏற்றி
ஐந்து நாள், முப்பத்தேழு டிகிரி.
அணு இரண்டாகும்தோறும் சாயம் வெளிறும்:
அரை, கால், அரைக்கால், வீசம்.

முதல் கிண்ணத்தில் வீசம்வரை வெளிறியிருந்தது.
தடுக்க ஆள் இருந்தும் தடுக்கவில்லை.
மூன்றாவதில் சாயம் அப்படியே இருந்தது.
இருமுறை பார்த்தேன்.
என் ஐந்து பேசியது,
அவள் படை கேட்டது.
ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில்,
என் சுண்டுவிரல் நகமளவு குழியில்,
கேட்டது.

அவள் உடம்பில் ஏற்றினால்
என்னுடையவற்றை அந்நியம் என்று
அடித்துக் கொன்றுவிடும்.
அதில் மட்டும்
அது தவறே செய்யாது.

ஞாயிறன்று அவளே கூப்பிட்டாள்.
புயலில் சுவர் நாற்பது அடி சரிந்ததாம்,
ஊரே கல் அடுக்குகிறதாம்.
‘இடது கையில் கல் இருக்கிறதா விழுந்ததா என்று
குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்’ என்றாள்,
மழையைப் பற்றிச் சொல்வதுபோல.
பிறகு, ‘நீ அங்கே என்னதான் செய்கிறாய்?’

எண்ணுகிறேன் என்றேன்.

முழங்கை மடிப்பில் ஊசி பட்ட இடம்
நீலம் போய் மஞ்சளாகியிருந்தது.
அமுக்கினால் இன்னும் வலித்தது.
அமுக்கிக்கொண்டே
அவள் ஆடுகளைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.