ரசீது இல்லாத டப்பா

வாங்கும்போது நான் யாரென்று சொல்வதில்லை.
கரகண்டாச் சந்தையில், ஜனவரியில்,
மூக்குவரை சால்வை சுற்றிய ஒருத்தியை
யார்தான் கேட்கப் போகிறார்கள்?
பதினோரு டப்பா எஞ்சின் ஆயில்.
பத்து ரசீது.
அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

பெயர்களைக் கிழித்து உறையில் போட்டு ஒட்டுவது
ஆல்வினாவின் வேலை.
எண் எழுதிய குப்பிகள் மட்டும் என் மேசைக்கு வரும்.
எதன் டப்பாவில் சிறுத்தை பாய்கிறது,
எதற்கு நான்கு மடங்கு விலை
எனக்குத் தெரியக் கூடாது.
தெரிந்தால் தராசு சாயாது.
கை சாயும்.

நூறு டிகிரியில்
கண்ணாடிக் குழலுக்குள் எண்ணெய் இறங்குகிறது.
மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு எத்தனை நொடி?
அவ்வளவுதான் கேள்வி.
நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகள்
இதை மட்டும் விட்டுவிட்டு
மற்றதற்கெல்லாம் பதில் சொல்கின்றன.

பிறகு குளிர்ப்பெட்டி.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து.
ஒன்று தேனாய் இறங்கியது,
ஒன்று யோசித்து யோசித்து.
நான்காம் குப்பியைக் கவிழ்த்தேன்:
கடனைத் திருப்பிக் கேட்டதும்
காது கேளாதவன்போல் உட்கார்ந்திருந்தது.
"கடுங்குளிருக்கென்றே தயாரித்தது" என்று
அதன் சீட்டில் இருந்ததாம்.
ஆல்வினா சிரிக்காமல்தான் சொன்னாள்.

உறை பிரித்த அன்று
இரண்டும் ஏழும் பக்கத்தில் பக்கத்தில்.
கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ்
தசமத்துக்குப் பின்னும் ஒன்றே.
ஒரே பீப்பாய், இரண்டு சட்டை.
இரண்டாவது சட்டைக்குப் பொத்தான் தங்கம்.

எல்லாவற்றையும் மிஞ்சியது ஒன்பது.
பேருந்து நிலையத்தின் பின்னால்
பழைய நீவா காரின் டிக்கியைத் திறந்து
சீட்டே ஒட்டாத டப்பாவை நீட்டியவனுடையது.
ரசீது கேட்டேன். கையுறையைக் கழற்றி
விரல்களைக் காட்டினான், கறுப்பாய்.
"இதுதான்" என்றான்.

எங்கே கிடைத்தது, யாருடைய பீப்பாய்,
நாளை அதே டிக்கியில் அதே எண்ணெயா?
தெரியாது.
அட்டவணையில் ஒன்பதாம் வரிசையை
நானே அழித்தேன்.
மறுவாரம் போய்ப் பார்த்தேன்:
பனிமேல் எண்ணெய்க் கறை ஒன்று,
தட்டளவு.

நான்காம் எண்ணின் கம்பெனியிலிருந்து
சாக்லேட் பெட்டியோடு ஒருவர் வந்தார்.
எங்கள் குளிர்ப்பெட்டி
தேவைக்கு மேல் குளிர்கிறது என்பது அவர் கட்சி.
சன்னலைக் காட்டினேன்.
வெளியே அவருடைய கார்
கிளம்ப மாட்டேனென்று முக்கிக்கொண்டிருந்தது.
(சாக்லேட்டைத் திருப்பிக் கொடுத்தோம்.
ஆல்வினாவுக்கு அதில் வருத்தம்தான்.)

இன்று இரவு டாக்சியில்
தொலேகென் என்ற ஓட்டுநர் கேட்டார்,
எதை ஊற்றலாம் என்று.
ஏழு, என்று அதன் பெயரைச் சொன்னேன்.
"அதுவா? ஆறாயிரம் டெங்கேதானே" என்றார்,
என்னைப் பார்க்காமல், கொஞ்சம் வெட்கத்தோடு.
"அவ்வளவு மலிவில் நல்லது எப்படி இருக்கும்?"

வீடுவரைக்கும்
பானெட்டுக்குள் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வந்தது.
நான் நொடிகளை எண்ணினேன்,
பழக்கம்.