பசை காயும் வரை

வள்ளியூர்ச் சார்பு நீதிமன்றத்தில் நான் அமீனா.
கோடை விடுமுறை முடிந்த மூன்றாம் நாள்
கையில் ஒரு ஜப்தி உத்தரவு, பையில் மைதாப் பசை,
பைக்கின் பின்னால் தமுக்கோடு மாடக்கண்ணு.
பணகுடி தாண்டியதும்
வண்டி தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.
"வைகாசிக் காத்தே இப்பிடி சார்,
ஆனியில பாக்கணும்."

வழக்கு இதுதான்.
காற்றாலை ஒன்று, இறக்கை மூன்று,
பங்குப் பத்திரம் பதினொன்று.
குவைத்தில் பதினேழு வருஷம்
அடுத்தவர் நாடி பிடித்த சகாயவதனி
அதில் ஒன்றை வாங்கியிருக்கிறாள்,
பதினாறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு.
மற்றப் பத்துப் பேரை அவளுக்குத் தெரியாது.
வில்லங்கச் சான்றுக்கு வரிசையில் நின்ற அன்று
முன்னால் நின்றவர் கைத் தாளிலும்
அதே சர்வே எண்.

கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு விலை பேசுகிறார்
என்று மனுவில் ஒரு வரி.
நீதிபதி அதை இரண்டு தரம் வாசித்தார்.
பிணையம் கட்டு, இல்லையென்றால் காரணம் சொல்.
அதுவரை விற்காதே, அடகு வைக்காதே,
தானமாகக்கூடக் கொடுக்காதே.
வங்கிக்கும் ஒரு நகல்.

சுயம்புகனி ஓடி ஒளிகிற ஆள் இல்லை.
காற்றாலைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
எங்களுக்காகவே உட்கார்ந்திருந்தார்.
மோர் கொடுத்தார்.
நான் குடிக்கவில்லை, மாடக்கண்ணு குடித்தான்.
"வழக்கு முடிஞ்சிட்டா வே?"
இல்லை.
"நான் ஏமாத்துனேன்னு எழுதியிருக்கா?"
இல்லை.
"பெறகு எதுக்கு வே எம் பணத்தக் கட்டிப் போடுதீரு?
திங்கக்கெழம மவளுக்குப் பீஸு கட்டணும்.
அவளா பத்திரம் எழுதிக் குடுத்தா?"

இருபத்திரண்டு வருஷச் சர்வீஸ்.
இதற்கு என்னிடம் ஒருநாளும் பதில் இருந்ததில்லை.
"படிப்புச் செலவுக்குன்னு தனியா மனுப் போடும்,
விடுவாவ" என்றேன்.

திசையன்விளைப் பக்கத்துச் சீட்டு வழக்கை
அவரிடம் சொல்லவில்லை.
ஒன்பது வருஷம், செலவுத்தொகையோடு தீர்ப்பு.
நிறைவேற்றப் போனேன்.
வீடு மைத்துனர் பேரில், தோப்பு மைத்துனர் பெண்டாட்டி பேரில்.
வாசலில் கட்டியிருந்த நாய்
யார் பேரில் என்று நான் கேட்கவில்லை.
ஜெயித்த வாதி தீர்ப்பு நகலை
ரேஷன் கார்டு மாதிரி
பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்.

மாடக்கண்ணு தமுக்கை மூன்று முறை அடித்தான்.
கேட்க இருந்தவை இரண்டு வெள்ளாடு, ஒரு உடைமரம்.
சத்தத்தைக் காற்று
ராதாபுரம் பக்கம் கொண்டுபோய்விட்டது.

சகாயவதனி போனில் வந்தாள்.
"ஒட்டியாச்சா அண்ணாச்சி?"
ஒட்டிக்கிட்டிருக்கேம்மா.
"எனக்கு எப்ப வரும்?"
வராது. போகவும் செய்யாது.
இந்தத் தாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவளுக்குப் பின்னால் யாரோ
டோக்கன் எண் கூப்பிட்டார்கள்.

தலைக்குமேல் மூன்று இறக்கையும்
நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தன.
சுற்றுக்கு இத்தனை காசு என்று
கம்பி வழியே போய்
யாரும் தொடமுடியாத ஒரு கணக்கில் விழுகிறது.
உத்தரவில் காற்றைப் பற்றி ஒன்றுமில்லை.

இரும்புக் கதவில்,
சர்வீஸ் எண்ணுக்குக் கீழே ஒட்டினேன்.
வலது மூலை எழுந்தது.
அதை அமுக்கினால் இடது மூலை.
பசை காய்வதற்குள்
இந்தக் காற்று உரித்துக்கொண்டு போய்விடும்.
உள்ளங்கையை விரித்து
அரசு முத்திரை மேல் வைத்துப் பிடித்தேன்.
கதவு வழியாக அந்த நடுக்கம்
முழங்கை வரை ஏறியது.

பின்னால் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம்.
"எவ்வளவு நேரம் வே நிப்பீரு?
உக்காந்து பிடியும்."