பச்சை, மூன்றாம் முறை

முதல் பச்சையில் மஞ்சள் தூக்கலாக இருக்கிறதென்று
திருப்பி அனுப்பினார்கள்.
இரண்டாவது நீலமடிக்கிறதாம்.
மூன்றாவதை எட்டு நாள் கழித்து
ஒரே வரியில் ஒப்புக்கொண்டார்கள்.
பதினெட்டாயிரம் பனியன்
நேற்று தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் ஏறிவிட்டது.

அந்த நாட்டில் யாரோ ஒரு சாமியார்
பாம்புகளையெல்லாம் கடலுக்குள் ஓட்டிவிட்டாராம்.
அதற்காக வருசத்தில் ஒரு நாள்
பச்சை உடுத்துக் குடிப்பார்களாம்.
"நம்ம பனியனத்தானுங் உடுத்துவாங்க,
நாமளும் சித்தெ குடிச்சா என்ன?" என்றான் பெலிக்ஸ்.

அப்படித்தான்
பி.என். ரோட்டுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில்,
என் வாடகை அடுக்களையில்
தண்ணீர் கொதிக்கிறது.

நான் லேப்பில் சாயம் கலக்குகிறவள்.
கண்ணளவு எனக்கு ஆகாது.
"பீக்கர் கொண்டாரட்டுமா?" என்றேன்.
யசோதா கையெடுத்துக் கும்பிட்டாள்.
இருமல் மருந்து மூடியால் அளக்கிறேன்.

எலுமிச்சை ஜெல்லிப் பொட்டலம் நான்கு.
கொதிதண்ணீர் நான்கு டம்ளர்,
கரைய வேண்டும், அடியில் ஒரு மணி தங்கக் கூடாது.
பிறகு குளிர்தண்ணீர் இரண்டு.
பிறகு ஓட்கா இரண்டு,
பெலிக்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
வரிசையில் நின்று வாங்கிய பாட்டில்.
"அடுப்புலயே ஊத்திரலாமுங்களா?"
"ஊத்து. ஜன்னலுக்குத்தான் போதை ஏறும்."

பொட்டலத்தின் முதுகில் பொடியெழுத்தைப் படித்துவிட்டாள் யசோதா.
ஜெலட்டின், எலும்பிலிருந்து.
அடுத்த வாரம் தைப்பூசம், பழனிக்கு நடக்கிறவள்.
"அப்ப ஓட்கா?"
"அது உருளக்கெழங்குதானே."
யாரும் மேலே பேசவில்லை.
அவளுக்கென்று கடல்பாசி காய்ச்சினோம், தனிச் சட்டியில்.
ஊற்ற ஊற்றவே கரண்டியில் உறைந்தது அது,
காத்திருக்கத் தெரியாத சாமான்.

நாற்பது பாயாசக் கப்.
ஃபிரிட்ஜில் தோசைமாவை வெளியே எடுத்து
தட்டுத்தட்டாக அடுக்கி
மூச்சுவிடாமல் கதவைச் சாத்தினேன்.

எட்டரைக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தது.

ஒன்பதுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்,
கட்டிங் மாஸ்டர் ரங்கநாயகம்,
செக்கிங் பிள்ளைகள் ஐந்து பேர்,
ஜார்க்கண்டிலிருந்து வந்த சுக்ராம்
ஒரு கிலோ கடலையோடு.
யசோதாவின் பன்னிரண்டு கப் மட்டும்
கவிழ்த்தாலும் விழாமல் நின்றன.
மற்றதெல்லாம்
தட்டைச் சாய்த்த பக்கம் சாய்ந்தது.
"எலும்பு உள்ளதுக்கு முதுகெலும்பில்ல" என்றார் மாஸ்டர்.
சிரித்து முடிப்பதற்குள்
பன்னிரண்டும் காலி.
மீதியை டம்ளரில் ஊற்றிக்கொண்டோம்.
பார்ட்டி என்றால் அவ்வளவுதான்,
பச்சை நாக்கை ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டினோம்.

நான் மட்டும் ஒரு கப்பைத் தூக்கிப் பார்த்தபடி இருந்தேன்.
செல்போன் டார்ச்சில் நீலமடித்தது.
மொட்டைமாடிக்கு எடுத்துப்போனேன்.
தெருக்கோடி மில்லில் ஜெனரேட்டர் ஓடுகிறது,
அதன் டியூப்லைட்டில்
அப்படியே மூன்றாவது பச்சை, பாஸ்.
"ஏனுங் அம்மணி, லீவு நாள்லயுமா?" என்றான் பெலிக்ஸ்.
பதில் சொல்லவில்லை.
பதினெட்டாயிரம் பேர் எந்த வெளிச்சத்தில்
நின்று குடிக்கப்போகிறார்களோ.

காலையில் வெயிலில் அது வெறும் மஞ்சள்.

சட்டியின் அடியில் ஒன்றரை டம்ளர் மீதி இருந்தது.
தொட்டியில் ஊற்றக் கை வரவில்லை.
ஏழு வருசப் பழக்கம்,
நிறத்தோடு எதையும் வெளியே விடக் கூடாது,
வெளியே என்றால் நொய்யல்.
தண்ணீர் பாட்டிலில் அடைத்து
டிபன் பையில் போட்டு
வேலைக்கு எடுத்துப்போனேன்.
யாரும் பார்க்காதபோது
சுத்திகரிப்புத் தொட்டியில் ஊற்றினேன்.
மீட்டர் அசையவில்லை.
வாசம் மட்டும்
கொஞ்ச நேரம் எலுமிச்சையாக நின்றது.