பின்காற்று

மூக்கையூர்க் கரையில் நாலரைக்கு வலை ஏறும்.
நண்டு பிரித்தெடுக்க ஒரு மணி நேரம்.
ஈரச்சாக்கு போர்த்திய ஏழு கூடை
பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் உட்காரும்.
மண்டபத்துக் கம்பெனி ஏழே முக்காலுக்குக் கதவைச் சாத்தும்.
இதற்குள்தான் நானும் என் பழைய டீசல் காரும்.

ஃபவாஸ் லேப்டாப்பை மடியில் வைத்து
டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு வயரைச் சொருகி
இருபது நிமிஷத்தில் எஞ்சினின் மூளையை மாற்றினான்.
"எழுபத்தஞ்சு குதிரை, இப்ப நூத்திரண்டு அக்கா."
ஆயில் சூடு காட்டும் மீட்டரைச் சும்மாவே மாட்டித் தந்தான்.
இருபத்தேழு குதிரையை எந்த லாயத்திலிருந்து ஓட்டிவந்தான்
என்று நான் கேட்கவில்லை.
அவை எங்கே தண்ணி குடிக்கும் என்றும்.

முதல் நாள், சாயல்குடி தாண்டிய நேர்ரோட்டில்
உடைமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
உப்பு லாரி இரண்டை உரசுவதுபோல் தாண்டினேன்.
பன்னிரண்டு நிமிஷம் மிச்சம்.
கம்பெனி வாசலில் நின்று டீ குடித்தது அன்றுதான்.

கூடையைக் கவிழ்த்த லிங்கராஜ்,
"என்னம்மா, பாதி நொண்டி" என்றார்.
கொடுக்கு முறிந்தது பதினாறு. கால் போனதை எண்ணவில்லை.
முழு நண்டுக்கு ஒரு விலை,
முறிந்ததற்கு அதில் பாதி.

அப்புறம்தான் பாதத்துக்குப் புரிந்தது.
ஆயிரத்து எண்ணூறு சுற்று வரை
ஈர மணலில் கிடக்கும் வள்ளம்.
மிதி, மிதி, அசையாது.
அதற்கு மேல் மயிரளவு போனால்
முதுகில் யாரோ எட்டி உதைக்கிறார்கள்.
கீழக்கரைக் கடைத்தெருவில்
ஆடும் ஸ்கூட்டியும் குறுக்கே வர
பாதிக் கிளட்சில் தொடை நடுங்குகிறது.
பின்னால் கூடைகள் வழுக்கும்.
நண்டு பயந்தால் பக்கத்து நண்டைப் பிடிக்கும்,
பிடித்ததை விடாது.

ஆனியில் சோழகம் எழுந்தது.
ஏர்வாடியில் நூற்று எட்டு.
பெரியபட்டினத்தில் நூற்றுப் பதினாறு.
புதுமடம் வளைவில் நூற்று இருபத்தாறு.
நின்றால் ஆயில் விளக்கு
தூக்கம் கெட்ட கண்போல் இமைக்கும்.
உள்ளே ஆயில் கஞ்சித்தண்ணியாய் இளகிவிட்டது.
திரும்பும்போது, காலிக் கூடைகளோடு,
நூற்று மூன்று.

சுமைதான் என்று நினைத்திருந்தேன்.
ஒருநாள் கதவு சாத்திவிட்டது.
ஏழு கூடையையும் ஏற்றினபடியே
மணல் முகத்தில் அடிக்கத் திரும்பி வந்தேன்.
நூற்று ஏழு.

என் புருஷன் சவேரியானுக்குப்
பின்காற்று கிடைத்தால் போதும்,
பாதி டீசல் மிச்சமென்று இரவே சிரிப்பான்.
வள்ளத்துக்கு அது யோகம்.
என் காருக்கு,
கூடவே ஓடிவரும் காற்று முகத்தில் மோதாது,
ரேடியேட்டர் கம்பிக்குள் நுழையாது.
இருபத்தேழு குதிரையும்
விட்ட மூச்சையே திரும்ப இழுத்து வேகும்.
அவனிடம் இதைச் சொன்னேன்.
"காத்தைக் குறை சொல்றவ நீ ஒருத்திதான்" என்றான்.

நேற்று புதுமடம் தாண்டி ஓரம் கட்டினேன்.
எஞ்சினை அணைக்கவில்லை,
சட்டென்று அணைத்தால் டர்போவுக்குள் ஆயில் கருகும்.
வண்டியை வந்த திசைக்கே திருப்பி,
பானெட்டைத் திறந்து,
அதன் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து நின்றேன்.
முள் இறங்க எடுத்தது பன்னிரண்டு நிமிஷம்.
அதே பன்னிரண்டு.
எஞ்சின் முனகலுக்கு அடியில்
ஏழு கூடையும் நுரை விடும் சத்தம்
கொதிக்கிறதா ஆறுகிறதா என்று தெரியாதபடி.

ஃபவாஸுக்கு போன் போட்டேன்.
"பழைய கணக்கு லேப்டாப்ல இருக்கா?"
"இருக்குக்கா. முழுசா பழசா, பாதியா?"
ஒரு நண்டு சாக்கை விலக்கி விளிம்பேறி
இரண்டு கொடுக்கையும் விரித்து
எதைப் பிடிப்பதென்று பார்த்துக்கொண்டிருந்தது.
"பாதி. எண்பத்தெட்டு குதிரை போதும்.
ஆனா அதுங்க ஆயிரத்து ஐந்நூறிலேயே
நடக்க ஆரம்பிக்கணும்.
நடக்கணும், தம்பி. பாயக் கூடாது."

பானெட்டைச் சாத்தினேன்.
கை சுட்டது.