இருபத்தெட்டு மில்லிமீட்டர்

பேரிங்கைத் தட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை.
சைக்கிளைச் சாய்த்ததும்
தானே உருண்டு வந்து உள்ளங்கையில் விழுந்தது,
துருவும் பிளைனாய் மழையும் குழைந்த சேற்றோடு.

பின்னாலேயே ஒரு தகரச் சுருள்.
கத்தரியால் நறுக்கிய பீர் டப்பா,
சிவப்பில் பாதி எழுத்து.
"பழசாத்தான் வாங்கினேன்.
எந்த மடையன் செஞ்சானோ"
என்கிறான் கெத்தின்.
கையில் அதே சிவப்பு டப்பா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அளக்கிறேன்.
நெட்டுக்கு இருபத்தெட்டு,
குறுக்கே கால் மில்லிமீட்டர் கூட.
வட்டம் முட்டையாகியிருந்தது.
கோடை முழுக்கக் கிறீச்சிட்டதாம்;
ஸ்லேட்டுச் சுரங்கச் சரிவில்
பாட்டை உரக்க வைத்துக்கொண்டு இறங்கினானாம்.

முப்பதுக்குக் குடைந்தேன்.
அலுமினியத்தில் ஒரு வளையம் கடைந்தேன்,
மயிரிழை பெரிதாக.
இரவெல்லாம் அது ஃப்ரீசரில்,
பட்டாணிப் பைக்கும் மீன் துண்டுகளுக்கும் நடுவே.
காலையில் சட்டத்தைச் சூடாக்கி, நேராக வைத்து,
நேராகத்தான் வைத்தேன்,
கோணிக்கொண்டு பாதி வழியில் கடித்தது.
எதிரே சர்ச்சுக்குப் போனவர்கள்
திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன்.

இரண்டாவது வளையம்
சத்தமில்லாமல் போனது.
சூடு தணியத் தணிய
சட்டமே இறுக்கிப் பிடித்துக்கொண்டது.
பேரிங்கை வைத்து அழுத்தினேன்:
இந்த முறை கை போதவில்லை.

மாலை கெத்தின் வந்தான்.
பின்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான்,
காதை வைத்துக் கேட்டான்,
காசை எண்ணி வைத்தான்.
போகிற போக்கில்
பெஞ்சில் கிடந்த தகரச் சுருளை எடுத்து
விரலில் சுற்றிக்கொண்டு சொன்னான்:
"ஒன்பது மாசம் தாங்கிச்சு, தெரியுமா?"